பொய் சொல்லும் முள்ளுக்குப் பக்கத்தில் இன்னொரு முள் எதற்கு?

ஊர்காவற்றுறையைப் பூர்வீகமாகக் கொண்டு ரொறன்ரோவில் வளர்ந்த இளைஞர் ஒருவர் அண்மையில் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவரிடம் பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று இருக்கிறது. இருவர் மட்டும் அமரக்கூடிய, கூரையைத் திறந்துவிடக்கூடிய சிறிய ஸ்போர்ட்ஸ் கார். "ஐயா, டாஷ்போர்டில் இருக்கிற வெப்பமானியின் முள் அசைவதேயில்லை. அதைக் கழற்றித் திருத்துவதா, கடையில் விற்கிற புதிய மானி ஒன்றை வாங்கிப் பக்கத்தில் பொருத்துவதா? ஊரில் உங்கள் காலத்துச் சாரதிகள் என்ன செய்தார்கள்?" என்று கேட்டிருந்தார்.

காலமெல்லாம் செய்தி எழுதிப் பிழைத்தவனிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது என்று சிலர் சிரிக்கலாம். அரசியலை விட்டுவிட்டு எஞ்சினுக்குள் ஏன் தலையை நீட்டுகிறாய் என்று வேறு சிலர் கோபிக்கலாம். அவர்களுக்கு அடுத்த வாரம் அரசியல் தருகிறேன். இந்த வாரம் வெப்பமானி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொய் சொல்லும் முள்ளைத் திருத்துங்கள். திருத்தவே முடியாவிட்டால் அதை மறைத்துவிட்டுப் புதியதைப் பொருத்துங்கள். பொய்யை அது இருந்த இடத்திலேயே மரியாதையாக இருத்திவிட்டு, அதற்குப் பக்கத்தில் உண்மையை ஓர் அலங்காரப் பொருளாக ஒட்டி வைக்காதீர்கள். இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் யாழ்ப்பாணத்துக் கராச்சுகளிலும் பெரும்பாலும் நடப்பது இந்த மூன்றாவது காரியம்தான். அதற்கு எதிராகவே இதை எழுதுகிறேன்.

அசையாத முள்ளின் கதை

முதலில் அந்த முள் ஏன் அசைவதில்லை என்று பார்ப்போம். பழுது என்று நினைக்கவேண்டாம். அசையக்கூடாது என்று திட்டமிட்டுச் செய்யப்பட்ட முள் அது.

மோட்டார் வாகனத்தின் தொடக்ககாலத்தில் வெப்பமானியே கிடையாது. நீராவி மேலெழுந்தால் எஞ்சின் கொதிக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். 1912ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் பொய்ஸ் மோட்டோமீற்றர் என்றொரு கருவி வந்தது. றேடியேற்றரின் மூடியில் செங்குத்தாக நிற்கும் ஒரு வெப்பமானி. சாரதி தன் ஆசனத்தில் இருந்தபடியே முன்கண்ணாடியினூடாக அதன் சிவப்புத் திரவம் ஏறுவதைப் பார்ப்பார். கார் செய்தவர்கள் தராத ஒன்றை வெளியார் செய்து விற்றார்கள். ஆகவே 'வெளியில் வாங்கிப் பொருத்துவது' என்பது இன்றைய நாகரிகம் அல்ல. வெப்பமானி பிறந்ததே அப்படித்தான்.

பிறகு மானி டாஷ்போர்டுக்குள் வந்தது. பழைய பிரித்தானியக் கார்களில் எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய செப்புக் குழாய் மானிவரை ஓடும். எஞ்சின் முனையில் ஈதர் நிரப்பிய சிறு குமிழ். சூடு ஏற ஏற ஆவியின் அழுத்தம் ஏறும், மானிக்குள் வளைந்திருக்கும் குழாய் நிமிரும், முள் நகரும். இடையில் மின்சாரமும் இல்லை, கணினியும் இல்லை. தண்ணீர் சொன்னதை முள் அப்படியே சொன்னது. அதன்பின் மின்மானிகள் வந்தன. எஞ்சினில் இருக்கும் சென்சரின் மின்தடை சூட்டோடு குறையும். அதற்கேற்ப முள் ஏறும். இதுவும் ஓரளவு நேர்மையான ஏற்பாடுதான்.

இந்த நேர்மைதான் கார்க் கொம்பனிகளுக்குத் தலையிடியாயிற்று. எஞ்சினின் சூடு இயல்பாகவே ஏறி இறங்கும். மேட்டில் ஏறினால் கூடும். தெர்மோஸ்ராற் 82, 88 பாகையளவில் திறந்தால் சற்றே குறையும். நெரிசலில் நின்றால் மீண்டும் கூடும். முள் ஆடுவதைக் கண்ட வாடிக்கையாளர்கள் காரில் ஏதோ கோளாறு என்று முறையிட்டார்கள். வாடிக்கையாளருக்கு விளக்குவதைவிட முள்ளை அடக்குவது மலிவு. ஆகவே மானியின் பின்னால் உள்ள சிறு மின்சுற்றிலோ, பிற்காலத்தில் கணினியிலோ ஒரு மாற்றம் செய்தார்கள். ஏறத்தாழ 80 பாகைக்கும் 105 பாகைக்கும் இடையில் எஞ்சின் எங்கே இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும். சில கார்களில் இந்த இடைவெளி இன்னும் அகலம். அதைத் தாண்டியபின் முள் ஒரே பாய்ச்சலில் சிவப்புக்குப் போகும்.

யாழ்ப்பாணத்தில் என் நண்பரான ஒரு மெக்கானிக் இதை என்னைவிடச் சுருக்கமாகச் சொல்வார்: "ஐயா, முள்ளு ஆடினால் சனம் பயந்து வாகனத்தைத் திருப்பிக் கொண்டுவரும். நடுவில நிண்டால் ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம். கொம்பனிக்காரனுக்கு அது போதும்."

நம் இளைஞரின் எம்எக்ஸ்-5 இதற்கு நல்ல உதாரணம். 1989இல் அறிமுகமான அந்தக் காரின் முதல் ஆண்டுகளில் எண்ணெய் அழுத்தமானி உண்மையான அழுத்தத்தைக் காட்டியது. 1990களின் நடுப்பகுதியில் அதை எடுத்துவிட்டு, அதே முகத்தோடு வேறொன்றை வைத்தார்கள். அழுத்தம் இருந்தால் முள் நடுவில், இல்லாவிட்டால் கீழே. அதாவது ஓர் எச்சரிக்கை விளக்குக்கு மானியின் முகமூடி போட்டார்கள். 1998இல் வந்த இரண்டாம் தலைமுறையில் வெப்பமானியின் முள்ளும் நடுவில் உறங்கப் பழகிவிட்டது. விளக்கு என்றால் அது விளக்கு என்று எல்லோருக்கும் தெரியும். எண்களும் கோடுகளும் முள்ளும் கொண்ட ஒன்று, அளப்பதாக நடிப்பதுதான் எனக்கு ஆத்திரம் தருகிறது.

தீவகத்தில் இது ஏன் உயிர்ப் பிரச்சினை

கனடாவில் வண்டி நின்றால் ஒரு தொலைபேசி அழைப்பில் இழுவை வாகனம் வரும். எங்கள் தீவகத்து வாகனங்களுக்கு அந்த வசதி இல்லை. அதோடு எஞ்சினைக் கொதிக்கவைக்கும் காரணங்களும் அங்கே அதிகம்.

முதலாவது தண்ணீர். வேலணையிலும் புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் நன்னீர்க் கிணறு உள்ளவன் பணக்காரன். பெருவாரியான கிணறுகள் உவர். குடிக்க முடியாத நீரை றேடியேற்றருக்கு ஊற்றுவது எங்கள் ஊர் வழக்கம். நல்ல தண்ணீரைக் காருக்குக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? அந்த உவர்நீர் உள்ளே சுண்ணாம்பாகப் படியும், அலுமினியத்தைத் தின்னும், றேடியேற்றரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். இது ஒரு நாளில் நடப்பதில்லை. மாதக்கணக்கில் நடக்கும். 88 பாகையில் ஓடிய எஞ்சின் 92இல் ஓடும், பிறகு 96இல், பிறகு 101இல். நேர்மையான முள் இந்த ஏற்றத்தை மெல்ல மெல்லக் காட்டிவிடும். அடக்கப்பட்ட முள் இந்த மாதங்கள் முழுவதும் நடுவில் நின்று, எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது காற்று. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். குறிகட்டுவானிலிருந்து யாழ்ப்பாணம் வரும் வீதி பெரும்பாலும் கிழக்கும் வடகிழக்குமாகச் செல்கிறது. அதாவது சோளகம் வாகனத்தின் முதுகில் வீசும். றேடியேற்றருக்கு முன்னாலிருந்து காற்று வேண்டும். பின்காற்று அந்தக் காற்றைக் களவெடுத்துவிடும். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலுள்ள தாம்போதியிலும் பண்ணைப் பாலத்திலும் ஒதுங்க நிழல் கிடையாது. இரு புறமும் கடல். அந்தக் காலத்தில்தான் ஆனி மாதத்து நயினை நாகபூஷணி அம்மன் பெருவிழாவும் வருகிறது. ஆட்களும் சாமான்களும் நிரம்பிய வான்கள் குறிகட்டுவான் துறைக்கும் நகருக்குமாக ஓடித்திரியும் காலம். காரைநகருக்குப் போகிறவர்கள் ஊர்காவற்றுறையில் பாதைக்காகக் காத்து, எஞ்சினை நிறுத்தாமல் வெயிலில் நிற்கும் காலமும் அதுவே.

மூன்றாவது, புதிய எஞ்சின் எளிதில் கிடைப்பதில்லை. 2020 மார்ச்சில் இலங்கையில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் இருந்த வாகனத்தைக் காப்பாற்றுவதே தொழிலாயிற்று. ஹெட் வளைந்துபோன வான் ஒன்று ஒரு குடும்பத்தின் பல மாதச் சாப்பாடு.

பழைய சாரதிகளுக்கு இது நன்றாகத் தெரியும். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது தடைப்பட்டது. தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்து வந்தவர்கள் கொண்டுவந்த ஒஸ்ரின் ஏ-40களும் கேம்பிறிட்ஜ்களும் மொறிஸ் மைனர்களும் யாழ்ப்பாணத்து வீதிகளில் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். சூடாகுமுன் மாற்றினால் எரிபொருள் ஆவியாகாது, எஞ்சின் நின்றுவிடும். சூடு கூடினால் அடித்துக்கொள்ளத் தொடங்கும், பிஸ்ரனைத் தின்றுவிடும். பேர்குசன் போன்ற பழைய உழவு இயந்திரங்களில் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கென்றே செய்யப்பட்டவை இருந்தன. அவற்றில் வெப்பமானி இருந்ததும் இதற்காகத்தான்: எப்போது மாற்றலாம் என்று அது சொல்லவேண்டும். நடுவில் உறங்கும் முள் ஒன்று அந்த நாட்களில் எவருக்கும் ஒரு சதத்துக்கும் பயன்பட்டிராது.

இரண்டு முள் இருந்த வான்

இனி, பக்கத்தில் இன்னொன்றைப் பொருத்தினால் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சோளகக் காலத்தில் நயினாதீவு போய்த் திரும்பிய ஒரு குடும்பத்தின் வான் புங்குடுதீவுத் தாம்போதியில் நின்றது. அவ்வழியால் வந்த நாங்களும் நிறுத்தினோம். குழந்தைகளும் வயோதிபர்களும் வீதியோரத்தில் நிற்கிறார்கள், நிழல் இல்லை, எஞ்சினிலிருந்து ஆவி. சொந்தக்காரர் கவனமான மனிதர். தன் வானின் முள் பொய் சொல்வது அவருக்குத் தெரியும். ஆகவே நல்ல காசு கொடுத்து, இலக்கங்களோடு கூடிய புதிய மானி ஒன்றை வாங்கி, சாரதியின் வலப்புறத் தூணில் பொருத்தியிருந்தார். அன்று அவருக்குக் காய்ச்சல். வானை ஓட்டிவந்தவர் மச்சானின் மகன்.

"மாமா, மீற்றர் நடுவிலதான் நிண்டது. நான் பாத்துப் பாத்துத்தான் ஓடினனான்" என்று அந்தப் பிள்ளை தொலைபேசியில் அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பொய் சொல்லவில்லை. எல்லாச் சாரதிகளும் பழகிய இடத்தைத்தான் அவனும் பார்த்தான். தூணிலிருந்த மானி அவனுக்கு அலங்காரம். அது முன்கூட்டியே உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும். அந்த உண்மையைக் கேட்கவேண்டியவன் கொதித்த எஞ்சினின் மணத்தை முகர்ந்தபின்தான் வானை நிறுத்தினான். ஹெட் காஸ்கட் போய்விட்டது. ஹெட்டும் வளைந்திருந்தது என்று பின்னர் அறிந்தேன். லீசிங் தவணை வானுக்காக நிற்கவில்லை.

என் வாதத்தின் நடுமுள் இந்த வான்தான். புதிய மானியைப் பொருத்தியவருக்கு மட்டுமே எதை நம்பவேண்டும் என்று தெரியும். வாகனமோ அவரிடம் மட்டும் இருப்பதில்லை. மகன் ஓட்டுவான், கூலிச் சாரதி ஓட்டுவார், நாளை விற்றால் முன்பின் தெரியாத ஒருவர் ஓட்டுவார். டாஷ்போர்டின் நடுவில், கொம்பனியின் முத்திரையோடு இருக்கும் முள்ளைத்தான் உலகம் நம்பும். ஆகவே உண்மை அந்த இடத்தில்தான் இருக்கவேண்டும்.

எதிர்வாதங்களும் பதில்களும்

"புதிய மானி இலக்கம் காட்டும், 97 என்றால் 97. பழையதில் வெறும் கோடுதானே?" என்பார்கள். ஓட்டும்போது சாரதிக்கு வேண்டியது 97 அல்ல. நேற்று இதே வீதியில் இதே நேரத்தில் முள் எங்கே நின்றது, இன்று எங்கே நிற்கிறது என்பதுதான். அதைக் கடைக்கண்ணால் பார்த்தாலே போதும். இலக்கம் வேண்டுமென்றால் அதையும் பழைய முகத்தில் எழுதிக்கொள்ளலாம்; எப்படி என்று கீழே சொல்கிறேன்.

"பழையதைக் கழற்றினால் காரின் மூலத்தன்மை கெட்டுவிடும்" என்பார்கள். இது வேடிக்கையான வாதம். மானியின் பின்னால் ஒரு மின்தடையை மாற்றுவதை நாளையே திருப்பிவிடலாம். புதிய மானியின் சென்சரைப் பொருத்துவதற்கோ, றேடியேற்றரின் மேற்குழாயை வெட்டி நடுவில் ஓர் உலோக இணைப்பைச் செருகுகிறார்கள். முன்பு ஒரே குழாயாக இருந்த இடத்தில் இப்போது புதிதாக இரண்டு பட்டி, தண்ணீர் ஒழுகப் புதிதாக இரண்டு வழி. உவர்நீர் ஊற்றும் ஊரில் அந்த அலுமினிய இணைப்பு எத்தனை நாள் தாங்கும்? கொதிப்பைக் கண்டுபிடிக்கப் பொருத்தியதே கொதிப்புக்குக் காரணமாவதை நான் கண்டிருக்கிறேன்.

"புதியது துல்லியம்" என்பார்கள். நல்ல மானி, நல்ல சென்சர், நல்ல கை மூன்றும் சேர்ந்தால் துல்லியம்தான். இறப்பர்க் குழாயின் நடுவில் செருகிய இணைப்புக்கு எஞ்சினோடு மின்தொடர்பு கிடையாது. பல சென்சர்களுக்குத் தனியாக ஒரு புவிக்கம்பி கொடுக்கவேண்டும். அதை ஏதாவது ஒரு பழைய திருகாணியில் மாட்டிவிடுகிறார்கள். இரவில் முன்விளக்கைப் போட்டதும் வெப்பமுள் அசைந்தால் எஞ்சின் சூடாகவில்லை, கம்பி சரியில்லை. ஒரு பொய்யைத் திருத்தப் போய் இன்னொரு பொய்யை வாங்கியிருக்கிறீர்கள், அதுவும் காசு கொடுத்து.

"பந்தயத்தில் ஓடும் கார்களில் எல்லாம் கூடுதல் மானிகள்தானே" என்பார்கள். உண்மை. பந்தயக்காரர் எண்ணெயின் சூடு, டர்போவின் அழுத்தம் என்று கார் காட்டாத சங்கதிகளுக்கு மானி வைக்கிறார். இல்லாததைச் சேர்ப்பது ஒரு காரியம். இருக்கும் பொய்க்குத் துணை வைப்பது இன்னொரு காரியம். அந்த மானிகளுக்கு முன்னால் அமர்பவரும் அவற்றைப் பார்க்கப் பயிற்சி பெற்றவர். மச்சானின் மகன் அல்ல.

திருத்துவது எப்படி

எல்லா வாகனத்துக்கும் ஒரே மருந்து இல்லை. சிலவற்றில் கருவிப் பலகையைக் கழற்றி, முள்ளை அடக்கிவைக்கும் சிறு மின்சுற்றில் சில பாகங்களை மாற்றவேண்டும். சிலவற்றில் அதே காரின் முந்தைய பதிப்பிலிருந்த மானியையும் அதற்குரிய சென்சரையும் சேர்த்து மாற்றினால் போதும். செய்யத் தெரிந்தவர்கள் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள். வானொலிப்பெட்டி திருத்தத் தெரிந்த கைக்கு இது பெரிய வேலையல்ல. ஆனால் மாற்றிய கையோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மாற்றிய முள்ளை அளவிடவேண்டும். அளவிடாத உண்மையும் வதந்திதான்.

அதற்கு ஆய்வுகூடம் வேண்டாம், அடுப்படி போதும். எஞ்சின் நன்றாக ஆறியபின் சென்சரைக் கழற்றுங்கள். நீண்ட கம்பிகளால் அதை மானியோடு இணைத்து, அதன் உடலுக்கு பற்றரியிலிருந்து ஒரு புவிக்கம்பி கொடுங்கள். ஒரு பாத்திரத்தில் மழைநீர் எடுத்து, சென்சரையும் ஒரு நல்ல வெப்பமானியையும் அதற்குள் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 70, 80, 90 என்று ஒவ்வொரு இடத்திலும் சற்றுப் பொறுத்து, முள் நிற்கும் இடத்தில் மெல்லிய கோடு இடுங்கள். தீவகத்தில் கடல்மட்டம் காலடியில் இருக்கிறது. நீர் 100 பாகையில் கொதிக்கும். உங்கள் வெப்பமானி சரியா என்பதையே அந்தக் கொதிநீர் சொல்லிவிடும். 100க்கு மேலும் பார்க்க விரும்பினால் தேங்காயெண்ணெயில், தீயில்லாத மின்னடுப்பில், 115 வரை கவனமாகப் போகலாம். றேடியேற்றரின் மூடி அழுத்தத்தைப் பிடித்துவைத்திருப்பதால் எஞ்சினுக்குள் தண்ணீர் 100இல் கொதிக்காது. மூடி நல்லதாக இருந்தால் ஏறத்தாழ 118 பாகைவரை தாங்கும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். அடக்கப்பட்ட முள் அந்த அவகாசத்தைத்தான் விழுங்குகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். நேர்மையான முள்ளும் எல்லாம் அறிந்ததல்ல. குழாய் வெடித்துத் தண்ணீர் முழுவதும் போய்விட்டால் சென்சர் வெறும் காற்றில் தொங்கும். எஞ்சின் எரிய, முள் கீழே விழும். ஆனாலும் நேர்மையான முள் அப்படி விழுவதை உடனே காட்டும். ஏன் விழுந்தது என்று கேட்கத் தெரிந்த சாரதி நிறுத்துவார். முள் இறங்கினால் நல்லது என்று நினைப்பவருக்கு எந்த மானியும் உதவாது. காலையில் மூடியைத் திறந்து தண்ணீரைப் பார்க்கும் பழைய பழக்கத்துக்கு மாற்று எதுவும் இன்னும் வரவில்லை.

சேர்க்கவேண்டிய இடத்தில் சேருங்கள்

புதிய மானியே கூடாது என்று நான் சொல்லவில்லை. மொறிஸ் மைனரில் தொழிற்சாலையிலிருந்தே வெப்பமானி கிடையாது. அதில் ஒன்றைப் பொருத்திய எங்கள் பழைய சாரதிகள் செய்தது முழுக்கச் சரி. அங்கே பொய் இல்லை, வெறுமைதான் இருந்தது. இன்று எங்கள் வீதிகளில் ஓடும் ஜப்பானிய சிறு கார்கள் பலவற்றிலும் முள் இல்லை. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு. அவற்றிலும் ஒன்றைச் சேருங்கள்; சிவப்பு எரியும்போது காலம் கடந்துவிடுகிறது.

கணினியே முள்ளை இயக்கும் கார்களில் மின்தடையை மாற்றிப் பயனில்லை. அவற்றில் ஓபிடி துளையில் ஒரு சிறு கருவியைச் செருகினால், எஞ்சினின் சொந்தச் சென்சர் சொல்லும் உண்மையான பாகையைத் திரையில் பார்க்கலாம். குழாயை வெட்டவேண்டியதில்லை. கொம்பனியின் கணினிக்கு உண்மை எப்போதும் தெரியும் என்பதையும் இது காட்டிக்கொடுக்கிறது. எஞ்சினை நடத்துவதற்கு அது 97 என்ற இலக்கத்தைப் பயன்படுத்துகிறது. உங்களுக்கு மட்டும் 'நடு' என்று சொல்கிறது. இத்தகைய காரில் திரையை முள்ளுக்கு மேலேயே பொருத்தி, பழைய முள்ளை ஒரு துண்டுக் கறுப்பு நாடாவால் மூடிவிடுங்கள். அழகு கெடும். கெடட்டும்.

படகுகளுக்கும் இது பொருந்தும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். தாம்போதியில் நின்றுபோனால் இறங்கி நிற்க வீதியாவது உண்டு. மானி கீழே எஞ்சினுக்கருகில் இருந்து, சுக்கானைப் பிடிப்பவர் மேலே இருந்தால், அந்த மானி யாருக்காக? படகுச் சொந்தக்காரர்களுக்கும் துறைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும் என் வேண்டுகோள் இது: உயிர்காப்பு அங்கிகளை எண்ணும்போது, சுக்கானுக்கு முன்னால் அளவிட்ட வெப்பமானியும் எண்ணெய் அழுத்தமானியும் இருக்கின்றனவா என்றும் எண்ணுங்கள். மக்களை ஏற்றும் வாகனத்தில் அளப்பதாக நடிக்கும் முள்ளை வைத்திருப்பதைத் தகுதிச் சான்றிதழ் மறுக்கக்கூடிய குற்றமாக்குங்கள்.

கார்க் கொம்பனிகளுக்கு வக்காலத்து வாங்குபவர்கள், சாதாரண மனிதருக்கு முள் ஆடினால் வீண்பயம்தானே என்று கேட்கிறார்கள். இந்த வாதத்தை நான் வேறிடத்திலும் கேட்டிருக்கிறேன். 1998 ஜூனில் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை வந்தபோது இதையேதான் சொன்னார்கள்: மக்கள் பதற்றப்படக்கூடாது. தணிக்கை அதிகாரியின் பேனாவைக் கடந்து வந்த செய்திகளில் முள் எப்போதும் நடுவிலேயே நின்றது. சனங்கள் என்ன செய்தார்கள்? பத்திரிகையை வாங்கினார்கள், அதை நம்பாமல், இரவில் வெளிநாட்டு வானொலிகளைத் திருப்பினார்கள். அது பக்கத்தில் பொருத்திய இரண்டாவது மானி. வானொலி வைத்திருந்தவனுக்கும், எந்த அலைவரிசையை நம்பலாம் என்று தெரிந்தவனுக்கும் அது உதவியது. மற்றவர்கள் நடுவில் நின்ற முள்ளைப் பார்த்துக்கொண்டே கொதிப்புக்குள் போனார்கள். இரண்டாவது வானொலி இருக்கிறதே, பத்திரிகை பொய் சொன்னால் என்ன என்று அப்போது எவரும் என்னிடம் சொல்லியிருந்தால் நான் ஏற்றிருக்கமாட்டேன். இப்போதும் ஏற்கவில்லை.

பயம் எப்போதும் வீண் அல்ல. முள் ஆடுவதைக் கண்டு பயப்படும் சாரதி மூடியைத் திறந்து பார்ப்பார், நல்ல தண்ணீர் தேடுவார், நிழலில் நிறுத்துவார். அந்தப் பயத்துக்கு உரிமையாளர் அவரே. அதை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள எந்தக் கொம்பனிக்கும் உரிமையில்லை.

ஆகவே தம்பிமாரே, தங்கைமாரே, தூணில் மூன்று வட்டங்களை ஒட்டிப் படம் எடுத்து அனுப்புவதை நிறுத்துங்கள். திருகாணியை எடுங்கள். டாஷ்போர்டைக் கழற்றுங்கள். உங்களுக்குப் பின் அந்த ஆசனத்தில் யார் அமர்ந்தாலும், அவர் முதலில் பார்க்கிற முள் உண்மை சொல்லும்படி செய்துவிட்டு, பிறகு காரை ஓட்டுங்கள்.